‘இருமல்’ என்றொரு கோழி

குமுளியில் வாழ்க்கைப்பட்ட மகளிடம் சேர்க்க, அவள் செல்லமாக வளர்த்த கோழியைக் கட்டைப்பையில் வைத்துக்கொண்டு கம்பத்தில் மனைவியோடு பஸ் ஏறினேன். கேரள எல்லைச் சோதனைச்சாவடிச் சுவரில் ஓர் அறிவிப்பு: ‘பறவைக் காய்ச்சல். கோழி கொண்டுவரத் தற்காலிகத் தடை. மீறினால் அழிக்கப்படும்.’ பையைக் காலுக்கடியில் தள்ளினேன்.

மலையாள அதிகாரி பஸ்ஸில் ஏறினார். பை ‘கொக்’ என்றது.

“பையில என்ன?”

“இருமல் சார்.”

அவர் பையைத் திறந்து பார்த்தார். அறிவிப்பைக் காட்டி, “அது கழிஞ்ஞ கொல்லம்” என்றார். என் காதில் ‘கொல்லணும்’ என்றே விழுந்தது. கோழியைக் கட்டிக்கொண்டு, “வேணாம் சார், பிள்ளை மாதிரி வளத்தது!” என்று அழுதேவிட்டேன்.

மனைவி தலையிலடித்துக்கொண்டாள். “கிறுக்கு மனுசா, கொல்லம்னா வருசம்! அந்த உத்தரவு போன வருசமே முடிஞ்சுபோச்சுங்கிறாக.”

இப்போதெல்லாம் தற்காலிக உத்தரவு எதைப் பார்த்தாலும், அது எதுவரை என்று முதலில் தேதியைத் தேடுகிறேன். மகளோ கோழியின் பெயரையே ‘இருமல்’ என்று மாற்றிவிட்டாள்.