மதில் இரண்டு பேருடையது, கால் என்னுடையது

இந்த வாரம் கட்டிலில் சாய்ந்தபடி எழுதுகிறேன். இடது கால் தலையணை மேல்... முழங்கால் வரை பிளாஸ்ரர்.

போன சனிக்கிழமை நெடுந்தீவில் நடக்கப் போனேன். விழுவதற்கு அங்கே மலையா இருக்கிறது என்று கேட்பீர்கள். மலை இல்லை, மதில் இருக்கிறது. சாந்தில்லாமல் கல்லை அடுக்கிய மதில். தூரத்தில் மேய்ந்த குதிரையைப் படம் எடுக்க அதில் ஏறினேன். கல் உருண்டது. நான் மறுபக்கத்தில், ஆளில்லாத ஒரு வீட்டு வளவுக்குள் கிடந்தேன்.

இறங்குதுறையில் மீட்புக் குழுவின் நம்பர் எழுதிய பலகையைப் படம் எடுத்திருந்தது என் அதிர்ஷ்டம். அழைத்த சிறிது நேரத்தில் நான்கு தொண்டர்கள் ஸ்ரெச்சரோடு வந்தார்கள். தலைவர் மணியண்ணை, கடற்தொழிலாளி. அவர் தடி வைத்துக் காலைக் கட்டிய பக்குவத்தில் பாதி வலி போய்விட்டது.

அதற்குப் பிறகுதான் சிக்கல். வளவின் வாசல் படலை பூட்டிக் கிடந்தது, பூட்டின் திறப்பு சொந்தக்காரரோடு ரொறன்ரோவில். நான் வந்த பக்கத்துக் காணி திறந்த வெளிதான், ஆனால் இடையில் நெஞ்சளவு மதில். அதற்கு மேலால் என்னைத் தூக்கிப் பார்த்தார்கள் — என் எடையை இங்கே எழுதுவதாக இல்லை — ஸ்ரெச்சர் சரிந்தது, நான் கத்தினேன், இறக்கிவிட்டார்கள்.

"அப்ப கொஞ்சக் கல்லைக் கழட்டுங்கோவன் அண்ணை," என்றேன்.

"அது ஏலாது அக்கா," என்றார் மணியண்ணை. "இது ரெண்டு காணிக்குப் பொது மதில். ஒருத்தர் கனடா, மற்றவர் பிரான்ஸ். சித்தப்பா பெரியப்பா பிள்ளையள், கதை பேச்சில்லை. திருப்பி அடுக்கேக்கை ஒரு விரக்கடை தள்ளீட்டுது எண்டால் நாங்கள் ஊரிலை இருக்கேலாது."

எனக்கோ எக்ஸ்ரே எடுக்க யாழ்ப்பாணம் போக வேண்டும். பின்னேரப் படகை விட்டால் மறுநாள்தான். முதலுதவியில் முதலில் மூச்சு, பிறகு இரத்தம், பிறகு எலும்பு என்பார்கள். எங்கள் பக்கம் அத்தனைக்கும் முன்னால் காணி எல்லை!

சொந்தக்காரர் இருவரையும் அழைத்து, இரண்டு போன்களை எனக்கு மேலே பிடித்தார்கள். கனடாவில் இன்னும் விடியவில்லை. ஆனால் 'உங்கடை மதில்' என்றதும் அந்த மனிதருக்கு நித்திரை முழுதாக முறிந்தது.

"என்ரை கல்லிலை ஒருத்தரும் கை வைக்கக் கூடாது," என்றது கனடா.

"உன்ரை கல்லோ? உன்ரை அப்பர் எங்கடை பக்கம் தள்ளிக் கட்டினது ஊருக்கே தெரியும்," என்றது பிரான்ஸ்.

எனக்கு ஆத்திரம் பற்றிக்கொண்டு வந்தது. "தம்பிமார், கால் முறிஞ்சு கிடக்கிறது நான்."

"கொஞ்சம் பொறுங்கோ அக்கா, இது கனகாலப் பிரச்சினை," என்றது கனடா.

கடைசியில் மணியண்ணைதான் வழி கண்டார். எல்லை பிசகாமலிருக்க மதிலின் இருபக்கமும் தடி நட்டு, கயிறு கட்டி, வீடியோ எடுத்து இருவருக்கும் அனுப்பினார். பார்த்துவிட்டு இருவரும் அரை மனதோடு 'ஓம்' என்றார்கள். மளமளவென்று கல் இறங்கியது. உழவு இயந்திரத்தின் பின்பெட்டியில் என்னை ஏற்றி இறங்குதுறைக்கு விரட்டினார்கள். படகும் எனக்காக நின்றது.

மணியண்ணை ஆஸ்பத்திரி வரை கூடவே வந்தார். மற்ற மூவரும் மதிலைத் திருப்பிக் கட்டப் போனார்கள். சம்பளமில்லாத வேலைக்கு இப்படியும் மனிதர்களா? நன்றி சொல்லப் போய் அழுதுவிட்டேன்.

நேற்று மணியண்ணை போன் எடுத்தார்.

"மதில் கட்டியாச்சு அக்கா. ரெண்டு பேருக்கும் திருப்தி. இப்ப ஒவ்வொரு நாளும் தங்களுக்குள்ளை கதைக்கினமாம்."

மனம் குளிர்ந்துவிட்டது. "நல்ல விசயமெல்லோ அண்ணை. என்ன கதைக்கினம்?"



"உங்களைப் பற்றித்தான். கேக்காமல் மதிலேறிக் காணிக்குள்ளை வந்ததுக்கு, ரெண்டு பேரும் சேந்து வழக்குப் போடப் போகினமாம்."

பிரிந்த குடும்பம் ஒன்று சேர, என்னுடைய ஒரு கால்தான் குறையாக இருந்திருக்கிறது.