குப்பைக் காகிதத்தில் பார்த்த ஜனாதிபதி

முத்தியால்பேட்டையில் பழைய பேப்பர் வியாபாரம் ஆரம்பித்தபோது என்னிடம் இருந்தது ஒரு சைக்கிளும் ஒரு தராசும்தான். படிப்பு மூன்றாம் வகுப்பு. இன்று இரண்டு குடோன், ஒரு லாரி. யாரும் தூக்கிவிடவில்லை. மற்ற வியாபாரிகள் ஜனங்கள் எதை வாங்குகிறார்கள் என்று பார்ப்பார்கள். நான் எதைத் தூக்கிப் போடுகிறார்கள் என்று பார்த்தேன். அந்தக் கண்ணை வைத்துக்கொண்டு ஒருமுறை பிரான்சு நாட்டு ஜனாதிபதியையே கணித்தேன்.

பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட ஊர் என்பதால் எங்கள் ஊரில் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பங்கள் நிறைய. அங்கே தேர்தல் என்றால் இவர்களுக்கு இங்கேயே ஓட்டு. பக்கத்துத் தெரு சொல்தா அப்படிப்பட்டவர். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு பென்ஷனோடு வந்தவர்களை இங்கே சொல்தா என்றுதான் சொல்வோம். டீக்கடை பெஞ்சில் அவர் வைத்ததுதான் சட்டம். எனக்கு அந்த ஓட்டு கிடையாது. அதற்காக வாயை மூடிக்கொண்டிருப்பேனா?

அந்தத் தடவை கடைசிச் சுற்றில் இரண்டே பேர், சரியான இழுபறி. சொல்தா ரேடியோ கேட்டுவிட்டு வந்து ஒருவர் பேரை அடித்துச் சொன்னார். நான், "ஞாயித்துக்கெழம சாயங்காலம் நான் சொல்றேன்" என்றேன்.

"யோவ் பேப்பர்காரா, மூணாங்கிளாசு படிச்சிட்டு நீ என்னாய்யா சொல்லப்போற?"

எனக்குச் சுருக்கென்றது. அவர் மரியாதைப்பட்டவர்கள் எல்லாரையும் 'முசியே' என்பார். வாத்தியார் முசியே, டாக்டர் முசியே. எத்தனை குடோன் கட்டினாலும் நான் பேப்பர்காரன்தான்.

"நான் சொன்னது பலிச்சா எல்லார் முன்னாடியும் என்னை முசியேன்னு கூப்புடணும்."

"தோத்துட்டா? நான் இருக்கிற வரைக்கும் எலெக்ஷன் பத்தி நீ வாயத் தொறக்கக் கூடாது. முடியுமா ஒன்னால?"

பெஞ்சே சிரித்தது. சரி என்றேன்.

அவர்கள் ஓட்டுப் போடும் முறை வேறு. ஆளுக்கொன்றாகப் பேர் அச்சடித்த இரண்டு சீட்டையும் எடுத்துக்கொண்டு மறைப்புக்குள் போவார்கள். வேண்டியதை உறையில் போட்டுவிட்டு, வேண்டாததை அங்கேயே கூடையில் போட்டுவிடுவார்கள். அங்கே பெருக்கும் அம்மா என் பழைய வாடிக்கை. ஓட்டு முடிந்ததும் குப்பைக் காகிதத்தைச் சாக்கில் கட்டி வழக்கம்போல என்னிடம் கொண்டுவந்தார். எனக்குப் பிரெஞ்சு படிக்க வராது. ஆனால் ஒரு பேர் நீளம், ஒரு பேர் குட்டை. இரண்டாகப் பிரித்துத் தராசில் வைத்தேன். குட்டைப் பேர் தட்டு நன்றாகவே இறங்கியது. வேண்டாமென்று வீசியது அதைத்தானே?

விளக்கு வைக்கிற நேரத்துக்கு டீக்கடைக்குப் போய், "நீட்டுப் பேருக்காரர்தான் ஜனாதிபதி. எழுதி வெச்சுக்குங்க" என்றேன். எப்படி என்று கேட்டார்கள், சொல்லவில்லை. சொல்தாவின் ஆள் குட்டைப் பேர்க்காரர்.

மறுநாள் காலை சொல்தா வந்தார். முகத்தைப் பார்த்து எதுவும் புரியவில்லை.

"நேத்து எண்றப்ப நானும் கூட இருந்தேன். நம்ம ஊருல இவன் சொன்ன ஆளுக்குத்தான் கூட ஓட்டு. எப்புட்றா?"

தராசு விஷயத்தைச் சொன்னேன். டீ மாஸ்டர் டீயை ஆற்றுவதையே நிறுத்திவிட்டார். சொல்தா வாய்விட்டுச் சிரித்தார்.

"ஆனா பிரான்சு நம்ம ஊரு மட்டும் இல்லையே. அங்க என் ஆளுதான் வந்திருக்கான்." என் தோளில் கை வைத்தார். "நீங்க தோத்துட்டீங்க, முசியே."

அந்த நாட்டைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் எங்கள் நாலு தெரு சொல்தாக்கள்தான். அதை மொத்த பிரான்சு என்று எண்ணிவிட்டேன். என் தொழில்கணக்கில் தப்பில்லை, சாக்குதான் சிறிசு.

பேச்சென்றால் பேச்சு. அடுத்த தேர்தலிலும் சாக்கு வந்தது, எடை போட்டேன், வாயைத் திறக்கவில்லை. சொல்தா கடைவாசலில் வண்டியை நிறுத்திவிட்டு, "இந்த வாட்டி யாருய்யா? எங்கிட்ட மட்டும் சொல்லு" என்பார்.

"பந்தயம் முசியே" என்பேன்.

"நான்தான் விட்டுக்குடுக்கிறேனே!"

"நீங்க விடலாம். நான் விட மாட்டேன்."

திட்டிக்கொண்டே போவார். மூன்று தேர்தல் அப்படிப் போயிற்று. கடைசித் தடவை நடக்க முடியாமல் பேரனோடு ஆட்டோவில் வந்து ஓட்டுப் போட்டார். என் கடைமுன் ஆட்டோவை நிறுத்தச் சொல்லி, உள்ளேயிருந்தபடியே என் தராசைக் காட்டி, யார் என்று கேட்பதுபோல் கையை விரித்தார். நான் தலையாட்டி மறுத்தேன்.

அடுத்த தேர்தலுக்கு அவர் இல்லை. அன்றைக்காவது சொல்லியிருக்கலாம்.