அந்த ‘நாம’வில் யார் இருந்தார்கள்

என் கணவர் பதுளையில் ஒரு பொறியியலாளரிடம் படவரைஞராக வேலை செய்தார். தேயிலைத் தோட்டமொன்றில் தொழிலாளர் குடியிருக்கும் புது லயத்தின் பின்னால், மேட்டு மண்ணைத் தாங்க ஒரு சுவர் வேண்டியிருந்தது. சுவரின் கனத்தைக் கணக்குப் போட்டவர் பொறியியலாளர். பிளானை வரைந்தவர் என் கணவர். மழைத்தண்ணீர் வெளியேறச் சுவரில் குழாய் வைக்க வேண்டும், எங்கே வைப்பது என்று இவர் அவரிடம் கேட்டிருக்கிறார்.

“அத நாம பிறகு பார்த்துக்கலாம் தம்பி. நீங்க பிளான முடிங்க.”

அவர் பார்ப்பார் என்று இவர் விட்டுவிட்டார். இவர் பார்ப்பார் என்று அவர் விட்டுவிட்டார். குழாயில்லாமலே சுவர் எழும்பியது.

ஐப்பசி மழையில் அது சரிந்தது. கொழுந்து பறிக்கும் பெண் ஒருத்தி லயத்தின் பின்வாசலில் சட்டி கழுவிக்கொண்டிருந்தாள். நசுங்கிய காலை ஆஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். அவளுக்கும் என் மகள் வயதில் ஒரு பிள்ளை.

இவர்கள் இரண்டு பேர்மீதும் அவள் வழக்குப் போட்டதும் பொறியியலாளர் எங்கள் வீட்டுக்கு வந்தார். நான் மகளை மடியில் வைத்துச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தேன்.

“நாங்க சுவர் கணக்கு மட்டுந்தான் குடுத்தோம். குழாய் படவரைஞர் வேலை. கோர்ட்டுல அப்படியே சொல்லிடுங்க தம்பி. உங்க வேலை போகாது, அதுக்கு நான் பொறுப்பு.”

கணவர் தரையைப் பார்த்தார். எனக்குப் பொறுக்கவில்லை.

“சுவர் விழுறதுக்கு முன்னால ‘நாம’. விழுந்த பிறகு ‘நாங்க’ளா சேர்?”

“தங்கச்சி, இதெல்லாம் உங்களுக்கு விளங்காது.”

“தமிழ் விளங்குது சேர். ‘நாம’ன்னா இவரும் நீங்களும். ‘நாங்க’ன்னா அதுல இவர் இல்ல. எப்ப இவர வெளிய தள்ளுனீங்க?”

“வீட்டுலயே ஒரு டீச்சர வச்சிருக்கீங்க தம்பி” என்று சிரித்தார். தேநீரை நிதானமாகக் குடித்து முடித்துத்தான் எழுந்தார். அந்தக் கோப்பையை இரண்டு தரம் தேய்த்துக் கழுவினேன். அதிகம் பேசிவிட்டேனோ, இவருடைய வேலை போய்விடுமோ என்றும் பயந்தேன். பயம் கோபத்தைக் குறைக்கவில்லை.

“அவர்தான் பார்த்திருக்கணும்னு சொல்லுங்க” என்று கணவரை நச்சரித்தேன். கோர்ட்டில் இவர் சொன்னது வேறு.

“குழாய் இல்லேன்னு எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். ரெண்டு பேருமே பார்க்கல.”

வெளியே எங்களுக்காக வாதாடிய சட்டத்தரணி தலையில் கை வைத்தார். “ஆளுக்குப் பாதின்னு கணக்கு இல்லம்மா. முழு நட்டத்தையும் உங்க வீட்டுக்காரர்கிட்டயே அந்தப் பொண்ணு கேக்கலாம். இஞ்சினியர்கிட்டப் பங்கு வாங்குறது பிறகு உங்க பாடு.”

மகளோடு பஸ்ஸில் ஏறியதும் கொட்டித் தீர்த்தேன். “அவரோட சேர்த்து உங்களையும் ஏன் மாட்டிவிட்டீங்க? இந்தப் பிள்ளைய நெனச்சீங்களா?”

“அவர் கழண்டுக்கிட்டாருன்னு திட்டுனியே. நானும் கழண்டுக்கவா?”

இவர் கேட்டது நியாயம்தான். அதனால் இன்னும் கோபம் வந்தது.

அப்போது கோர்ட்டிலிருந்து வந்த அந்தப் பெண் கட்டையை ஊன்றி, பிள்ளையை இடுப்பில் வைத்தபடி, பஸ் படியில் ஏற முடியாமல் நின்றாள். கணவர் இறங்கிப் போய்ப் பிள்ளையை வாங்கக் கை நீட்டினார்.

அவள் கொடுக்கவில்லை. நானாக இருந்தாலும் கொடுத்திருக்க மாட்டேன்.