நான் கொடுத்த அவகாசம்

எனக்குக் கோபம் வந்தால் எதிரில் நிற்பது மாமியாரா மணியக்காரரா என்று பார்க்க மாட்டேன். ஊருக்கே தெரியும். அதனால்தான் ஊருணி வழக்கில் என்னை மனுதாரராகப் போட்டார்கள். அந்தப் பாழாய்ப்போன கோபம், வரவேண்டிய ஒரே ஒரு வருஷத்தில் மட்டும் வரவில்லை.

உச்சிப்புளியிலிருந்து தெற்கே போனால் எங்கள் ஊர். குடிக்கவும் சமைக்கவும் அந்த ஒரு ஊருணிதான். அதற்குப் பக்கத்துப் புறம்போக்கில் வெளியூர்க்காரன் ஒருவன் இறால் பண்ணை போட்டான். கடல் தண்ணீரை மோட்டார் வைத்து இறைத்துத் தேக்கினான். அது கசிந்து கசிந்து ஊருணி உப்புக் கரிக்க ஆரம்பித்தது. பருப்பு வேகவில்லை, காப்பியை வாயில் வைக்க முடியவில்லை. மதுரை ஹைகோர்ட்டுக்குப் போனோம். எட்டு வாரத்துக்குள் பண்ணையை மூடி, அதன் கரையை வெட்டிவிட வேண்டும் என்று தாலுகா ஆபீஸ் அதிகாரிக்கு உத்தரவு வந்தது.

அந்த நகலின் நாலு மூலையிலும், கல்யாணப் பத்திரிகை மாதிரி, மஞ்சள் தடவி சாமி படத்துக்கு முன்னால் வைத்தேன். மகளை அப்போதுதான் கமுதிப் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தோம். தலைப்பிரசவத்துக்கு அவள் நம் வீட்டுக்கு வருவதற்குள் தண்ணீர் பழையபடி ஆகிவிட வேண்டும். எனக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

எட்டு வாரம் போனது. ஒரு மண்வெட்டி வரவில்லை. நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிடுவது என்றுதான் ஆபீசுக்குப் போனேன். அந்த அதிகாரியோ எழுந்து நின்று நாற்காலி போட்டார். டீ வரவழைத்தார்.

"ஜே.சி.பி. இறக்க மேலிடத்துல அனுமதி கேட்டிருக்கேம்மா. மூணு மாசம் ஆகும். அவகாசம் தரச் சம்மதம்னு ஒரு எழுத்து மட்டும் குடுங்க."

"நானா சார் குடுக்கணும்?"

"நீங்கதானம்மா மனுதாரர்!"

எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. சர்க்கார் என்னிடம் அவகாசம் கேட்கிறது! கையெழுத்துப் போட்டேன். வீட்டுக்காரர் அன்று முழுக்கக் கேலி செய்தார்.

"சர்க்காருக்கே அவகாசம் குடுக்குற மகராசி, எனக்குக் கொஞ்சம் சோறு குடுக்கக் கூடாதா?"

அடுத்த தடவை போனபோது மழை, மண் ஈரம் காயட்டும் என்றார் அதிகாரி. அதற்கடுத்து தேர்தல் வேலை. ஒவ்வொரு தடவையும் நாற்காலி, டீ, என் கையெழுத்து. வக்கீலிடம் நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பேசியே முடித்துவிடுகிறேன் என்ற மிதப்பு எனக்கு.

பிறகு அந்த அதிகாரி மாற்றலாகிப் போனார். புதிதாக வந்தவர் தலை நிமிராமல், "எந்த உத்தரவு?" என்றார். அப்போதுதான் எனக்குக் கோபம் வந்தது. அன்றைக்கே மதுரைக்கு பஸ் ஏறி, கோர்ட் அவமதிப்பு வழக்குப் போடுங்கள் என்று வக்கீல் முன்னால் போய் நின்றேன். அவர் தேதியைப் பார்த்தார்.

"இதுக்கு ஒரு வருஷந்தாம்மா கெடு. எட்டு வாரம் முடிஞ்ச நாள்லேருந்து எண்ணணும். இருபத்திரண்டு நாள் தாண்டிருச்சே."

"அவருதான சார் அவகாசம் கேட்டாரு? எழுதில்ல வாங்கியிருக்காரு!"

"நீங்க எழுதிக் குடுத்தா சட்டம் நீளாதும்மா."

கெஞ்சிக் கூத்தாடி வழக்குப் போட வைத்தேன். தண்ணீர் இன்னும் கெட்டுக்கொண்டேதான் இருக்கிறது, தப்பு தினமும் நடக்கிறது என்று அவரும் வாதாடினார். எடுபடவில்லை. தள்ளுபடி. வெளியே வராந்தாவில் எனக்கு விளக்கினார்.

"உத்தரவு செல்லும்மா, ரத்தாகலை. செய்யாதவங்களத் தண்டிக்கத்தான் இனி கோர்ட்டால ஏலாது. பார்லிமெண்ட் போட்ட சட்டம் அப்படி எல்லை கட்டியிருக்கு."

"அப்ப சர்க்காரு தப்புப் பண்ணுனா எத்தனை நாளைக்குள்ள கேக்கணும்னு சொல்றதும் அவுகதானா?"

அவர் சிரித்தார். நான் சிரிக்கவா கேட்டேன்? வயிறு எரிந்து கேட்டேன்.

பஸ்ஸில் வரும்போது எனக்கு அந்த அதிகாரி மேல்கூட அவ்வளவு ஆத்திரம் இல்லை. ஒரு நாற்காலிக்கும் டீக்கும் மயங்கினேனே, என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும். எனக்குத் தெரியாமல் ஒரு வருஷத்தை ஓட்டிவிட்டார்கள் என்றும் சொல்ல முடியாது. மூன்று காகிதத்திலும் என் கையெழுத்து இருக்கிறது.

போன மாதம் மகளுக்கு வளைகாப்பு. முடித்துக் கையோடு அழைத்து வரலாம் என்று வண்டி பேசிப் போனோம். அவளுக்கு பிரஷர் ஏறியிருக்கிறது, உப்புத் தண்ணீர் ஆகவே ஆகாது என்று நர்ஸ் சொல்லிவிட்டாளாம். வெறும் வண்டியில் திரும்பினோம். வீடு வந்து சேர்ந்ததும் போன் வந்தது.

"அம்மா, வையாத. இந்தத் தடவை இங்கனயே பெத்துக்கிறேன். ஊருணி சரியாகட்டும், அடுத்த பிள்ளைக்குக் கட்டாயம் வாரேன்."

வாயைத் திறந்தால் அழுதுவிடுவேன் என்று, "சரித்தா" என்று மட்டும் சொன்னேன். நான் கேட்காமலே என் மகள் எனக்கு அவகாசம் கொடுக்கிறாள்.