கடைசியாகச் சொன்ன நிலை

என் தம்பியைத் தெருவில் யாரும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. 'வைஃபை' என்றால்தான் தெரியும். பல்பு, ஃபேன், கதவுப் பூட்டு என்று வீட்டில் இருப்பதையெல்லாம் போனில் தட்டி இயக்குகிற மாதிரி மாட்டிக் கொடுப்பதுதான் அவன் பிழைப்பு. ஸ்குரூ டிரைவர் இல்லாத அவன் சட்டையை நான் பார்த்ததே கிடையாது. துவைக்கப் போட்டால் மெஷினுக்குள் அது கடகடவென்று உருளும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஹாலில் ஒரு சின்னப் பெட்டி வைப்பான். அதற்கு ஹப் என்று பேர். வீட்டுச் சாமான்களையெல்லாம் ஒரே இடத்திலிருந்து மேய்ப்பது அது. ஆனால் மலிவாக வாங்கும் வைஃபை சாமான்கள் கம்பெனிக்கு ஒரு பாஷை பேசும், ஹப்புக்குப் புரியாது. அதனால் ஒவ்வொன்றுக்கும் ஹப்புக்குள் பிளக்கின் என்று ஒரு சின்ன புரோகிராம் போட வேண்டும்.

"பிளக்கின்னா வீட்டுத் தரகர் மாதிரிக்கா. இந்தப் பக்கம் கேட்டு அந்தப் பக்கம் சொல்லும்."

"தரகர்னா பொய்யும் சொல்லுமேடா?" என்றேன். சிரித்தான் பாவி.

சொல்லத்தான் செய்தது. வைஃபை விட்டு விட்டு வரும் வீடுகளில் 'பதில் இல்லை' என்று போன் கத்திக்கொண்டே இருக்கும். ஆட்கள் இவனுக்குப் போன் அடித்து உயிரை எடுப்பார்கள். அதற்கு இந்தத் தொழிலில் ஒரு குறுக்கு வழி உண்டாம். பதில் வராவிட்டால் கடைசியாகச் சொன்ன நிலையையே காட்டு என்று பிளக்கினில் ஒரு வரி எழுதிவிடுவது. பல்பு செத்தே கிடந்தாலும் போனில் பச்சையாக இருக்கும். புகார் நின்றுவிடும்.

எங்கள் அம்மாவுக்கு நுரையீரல் போய்விட்டது. ஆக்சிஜன் மெஷின் இல்லாமல் மூச்சு ஓடாது. நான் அட்டைப்பெட்டி கம்பெனிக்குப் போயே ஆக வேண்டும், அவனுக்கு வீடு வீடாக அலைகிற வேலை. பகலில் அம்மா தனியாகத்தான் கிடப்பாள். அதனால் மெஷினை ஒரு வைஃபை பிளக்கில் மாட்டி ஹப்பில் சேர்த்தான். மெஷின் கரண்ட் இழுப்பது நின்றால் எங்கள் இரண்டு பேர் போனும் அலறும். மெஷினின் பட்டனை அணைத்துப் பார்த்தோம். போன்கள் ஊரைக் கூட்டின. அம்மாவுக்கு ஒரே சிரிப்பு.

சிரிப்பு நிலைக்கவில்லை. அம்மா படுத்திருக்கும் பின்னறையில் வைஃபை இழுத்துப் பறித்து வரும். 'பதில் இல்லை' என்று வந்ததும் நான் வேலையைப் போட்டுவிட்டு விழுந்தடித்து ஓடி வருவேன். அம்மா ஜம்மென்று படுத்திருப்பாள். இப்படிப் பல தடவை. சூப்பர்வைசர் என்னைக் கண்டபடி ஏசினார். அம்மாவுக்குப் பொறுக்கவில்லை.

"ஏன்டா அவளை இப்படி ஓட வைக்கிற? வேலை போயிடப் போகுது. அது வாயை மூட வைடா."

மூட வைத்தான். ஊர் வீடுகளுக்கெல்லாம் எழுதிய அதே வரியை அம்மாவின் பிளக்குக்கும் எழுதினான்.

அதற்கப்புறம் ஒருநாள் பகலில் பின்னறைக்குப் போகும் ஃபியூஸ் போயிற்று. மெஷின் நின்றது. அதற்குக் கரண்ட் கொடுத்த பிளக்கும் கூடவே செத்தது. நின்றுவிட்டது என்று சொல்ல ஆளில்லை. ஹாலில் கரண்ட் இருந்ததால் ஹப்புக்கு ஒன்றும் ஆகவில்லை. அதற்குள் இருந்த தரகர் பிளக்கின், தான் கடைசியாகக் கேட்டதையே சொல்லிக்கொண்டிருந்தது: ஓடுகிறது, ஓடுகிறது. அந்த நேரத்தில் என் தம்பி யாரோ ஒருவர் வீட்டில் போனை நீட்டி, "எங்க அம்மா மெஷினையே இதை நம்பித்தான் விட்டிருக்கேன்" என்று பெருமை பேசிக்கொண்டிருந்தானாம்.

சாயங்காலம் கதவைத் திறந்ததுமே மெஷின் சத்தம் இல்லை. பின்னறைக்கு ஓடினேன். அம்மா கட்டிலுக்கும் மூலையில் அவசரத்துக்கு வைத்திருந்த ஆக்சிஜன் சிலிண்டருக்கும் நடுவே தரையில் கிடந்தாள். உடம்பு சில்லிட்டிருந்தது.

அவன் வந்து பார்த்தான். அழவில்லை. "அந்த வரிய நான்தானேக்கா எழுதினேன்" என்றான். அம்மாவைக் கொன்னுட்டியேடா என்று எனக்கு வாய் வரைக்கும் வந்தது, விழுங்கிவிட்டேன். அதோடு அவனிடம் பேசுவதையும் நிறுத்திவிட்டேன். தட்டில் போட்டு மூடி வைப்பேன், தின்றால் தின்னட்டும்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினான். இதுவரை வேலை செய்த ஒவ்வொரு வீட்டுக்கும் போய் அந்த வரியை எடுத்தான். யாரும் கேட்கவில்லை, காசும் வாங்கவில்லை. திரும்பவும் போன்கள் கத்த ஆரம்பித்தன. திட்டினார்கள். புது வேலை தருவதும் நின்றது.

ஒருநாள் ஒரு ஆள் வாசலுக்கே வந்துவிட்டார்.

"உங்க தம்பி எங்கம்மா? நல்லா இருந்ததைக் கெடுத்து வச்சிட்டான். எந்நேரமும் பதில் இல்லை, பதில் இல்லைன்னு உயிரை வாங்குது!"

எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ அவ்வளவு ஆத்திரம். "பதில் இல்லைன்னு வந்தா எழுந்து போய்ப் பாருங்க! கால் இருக்குல்ல? போய்ப் பாருங்கய்யா!" என்று கத்தினேன். தெருவே திரும்பிப் பார்த்தது. அந்த ஆள் முணுமுணுத்துக்கொண்டே போனார்.

உள்ளே திரும்பினால் தம்பி நின்றுகொண்டிருந்தான். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறான்.

"அக்கா, அன்னைக்கு நீ போனைப் பாத்தியா?"

இவ்வளவு நாளும் அவன் இதைக் கேட்டதே இல்லை. நானும் சொன்னதில்லை.

"பாத்தேன்டா. சாப்பிட உக்காந்தப்ப பாத்தேன். பச்சையா இருந்துச்சு. நிம்மதியா சாப்பிட்டேன்."