கிடைத்தது என்று எழுதினேன்

பத்திரிகைக்காரன் தனக்குச் செய்தி தந்தவனைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்பார்கள். நான் காட்டிக்கொடுக்கவில்லை என்று எங்கள் ஆபீஸில் ரொம்ப நாள் பெருமையாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். புதிதாகச் சேருகிற நிருபர்களிடம் என்னைக் காட்டி, "இவரைப் பாருங்க, வக்கீலைக் கூட்டிட்டு வந்து மிரட்டியும் வாயைத் திறக்கலை" என்பார்கள். நானும் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். வெட்கங்கெட்ட சிரிப்பு. வாயைத் திறக்காததுதான் நான் செய்த அயோக்கியத்தனம் என்று அங்கே ஒருத்தருக்கும் தெரியாது.

அறுபதுகளின் ஆரம்பம். திருச்சியில் ஒரு சின்னத் தினசரியில் நான் நிருபர். வீடு ஸ்ரீரங்கத்தில். முனிசிபல் கூட்டம், கோயில் உற்சவம், மண்ணச்சநல்லூர் அரிசி மில்காரர்கள் கூடிப் பேசியது, இவைதான் என் பங்குக்கு வரும். முதல் பக்கத்தில் என் எழுத்து ஒரு தடவைகூட வந்ததில்லை. அந்த எரிச்சல் எனக்கு உண்டு. என்னைவிடத் தமிழ் சுமாராக எழுதுகிறவனெல்லாம் முதல் பக்கத்தில் வந்துகொண்டிருந்தான்.

கல்லூரியில் என் பக்கத்தில் உட்கார்ந்து படித்தவன் ஒருத்தன் இருந்தான். வேதக்காரக் குடும்பம், கிறிஸ்தவர்கள்; பொன்மலை ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்தவன். அப்பா, சித்தப்பா, அண்ணன் எல்லாரும் ரயில்வே. இவன் மட்டும் ரேடியோ பைத்தியம். மலைக்கோட்டைக்குக் கீழே ஒரு சந்தில் ரேடியோ தயாரிக்கும் சின்னக் கம்பெனி ஒன்றில் மெக்கானிக்காக இருந்தான். அந்தக் காலத்தில் ரேடியோ என்றால் ஆளுயர அலமாரியில் ஏற்றி வைக்கிற பெரிய பெட்டி. மேலே பூப்போட்ட துணி விரித்து, தபாலாபீஸில் லைசென்ஸ் எடுத்து, வீட்டுக்கு ஒரு மாப்பிள்ளை மாதிரி வைத்திருப்பார்கள். கையில் தூக்கிக்கொண்டு போகிற டிரான்சிஸ்டர் என்கிற பேரை சிங்கப்பூரிலிருந்து வந்தவர்கள் சொல்லித்தான் கேட்டிருந்தோம்.

இவன் அதைத் திருச்சியிலேயே செய்துவிட்டான். முதலாளி உதிரிகளை வரவழைத்துக் கொடுத்தார், இவன் உட்கார்ந்து செய்தான். ஒரே ஒரு மாதிரி செட். வெளிக்கூடு தயாராகாததால் சோப்பு டப்பாவுக்குள் வைத்துக் கட்டியிருந்தான். மெட்ராஸில் பெரிய டீலர் ஒருவரிடம் முதலாளி பேசி வைத்திருந்தார். அவர் வந்து பார்க்கும்வரை அது கம்பெனி வாசலைத் தாண்டக் கூடாது என்பது உத்தரவு. செட்டுக்கு இவன் வைத்த பெயர் ஊமை. ஆறு மாதம் ஒரு சத்தமும் வராமல் இவனை அழவைத்ததாம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்த கையோடு பஸ் ஏறி ஸ்ரீரங்கத்துக்கு வந்து நின்றான். தோள்பையில் சோப்பு டப்பா.

"கடைவீதியில எந்நேரமும் மோட்டார் ஓடுதுடா. செட்டுல கரகரன்னு வருது. அது மோட்டாராலயா, நான் பண்ணின தப்பாலயான்னு தெரியல. உங்க வீட்டுல வெச்சுக் கேட்டா தெரிஞ்சிடும்" என்றான்.

"முதலாளி கிட்ட சொன்னியா?"

"சொன்னா விடுவாரா? நாளைக்குக் காலையில அவர் வர்றதுக்குள்ள கொண்டுபோய் வெச்சிடுவேன்."

கொல்லைப்பக்கம் கொண்டுபோய்த் திருகினான். சுத்தமாக நாதஸ்வரம் வந்தது. அம்மா ஈரக்கையோடு ஓடி வந்து, "என்னடாது, சோப்பு டப்பா பாடறதே! பெருமாளே!" என்றாள். அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே அப்போது! இருபத்தெட்டு வயசு ஆள் குழந்தை மாதிரி கைதட்டினான்.

அன்று சாயங்காலம் அவன் அக்கா குழந்தைக்கு ஞானஸ்நானம். வீடு முழுக்க உறவுக்காரர்கள், பொடிசுகள் கையில் அகப்பட்டால் செட்டைப் பிரித்து மேய்ந்துவிடும். "உன் கிட்டயே இருக்கட்டும்டா. காலையில வந்து வாங்கிக்கறேன். யாருக்கும் காட்டிடாதே" என்று சொல்லிவிட்டுப் போனான். நானும் தலையை ஆட்டினேன்.

அவன் பஸ் காவிரிப் பாலம் தாண்டியிருக்குமோ என்னவோ. நான் அடுத்த பஸ்ஸில் ஏறிவிட்டேன், டப்பாவைத் துண்டில் சுற்றிக்கொண்டு, ஆபீஸுக்கு.

யாரும் என்னைத் தூண்டவில்லை. ஆசிரியருக்கு இப்படி ஒரு பொருள் இருப்பதே தெரியாது. அவர் மேஜைமேல் கொண்டுபோய் வைத்துத் திருகியவன் நான். போட்டோக்காரரைக் கூப்பிட்டவன் நான். "உள்ளே எப்படியிருக்குன்னு தெரிஞ்சா நல்லாயிருக்கும்" என்று அவர் சொன்னதும் பின்மூடியைக் கழற்றிக் காட்டியவனும் நான்தான். அதை நினைத்தால் இப்போது உடம்பு கூசுகிறது.

"எப்படிய்யா கிடைச்சுது?" என்று ஆசிரியர் கேட்டார்.

"கிடைச்சுது சார்" என்றேன்.

அவர் சிரித்துவிட்டு, "அப்படியே போடு" என்றார். 'நமது நிருபருக்குக் கிடைத்த மாதிரிக் கருவி' என்று எழுதினேன். தமிழில் இது ஒரு வசதியான சொல். எடுத்தேன் என்றால் எடுத்தவன் ஒருத்தன் வேண்டும். கொடுத்தான் என்றால் கொடுத்தவன் வேண்டும். கிடைத்தது என்றால் யாருமே வேண்டாம், மழை பெய்கிற மாதிரி தானாக வந்து விழுந்துவிடும்.

மறுநாள் காலை அவன் வந்தான். "பத்திரமா இருந்துதா?" என்றான். "அதுக்கென்ன, இருந்துது" என்று எடுத்துக் கொடுத்தேன். காபி குடித்துவிட்டுப் போனான்.

புதன்கிழமை முதல் பக்கத்தில் வந்தது, படத்தோடு. தலைப்பு நான் வைத்தது: 'ஊமை பேசியது!' அந்தத் தலைப்புக்காக ஆசிரியர் என் முதுகில் தட்டிக்கொடுத்தார்.

மத்தியானமே ரேடியோ கம்பெனி முதலாளி வக்கீலோடு வந்துவிட்டார். அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. வெள்ளை வேட்டி, கையில் எங்கள் பேப்பர். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. கூட வந்த வக்கீல்தான் பேசினார். யாரோ கம்பெனிச் சொத்தை வெளியே கடத்தியிருக்கிறார்கள், அது தெரிந்தே வாங்கி வைத்திருந்தால் பத்திரிகையும் குற்றவாளி, கொடுத்தது யார் என்று சொல்லிவிட்டால் பத்திரிகையை விட்டுவிடுகிறோம் என்றார். ஆசிரியர் நாற்காலியில் நிமிர்ந்து, "அதை மட்டும் கேக்காதீங்க. செய்தி கொடுத்தவங்க பேரை நாங்க சொல்றதில்லை" என்றார். எனக்கும் மார்பு விம்மியது. "சொல்ல முடியாதுங்க" என்று நானும் ஒத்து ஊதினேன்.

முதலாளி பேப்பரை விரித்துத் தலைப்பின்மேல் விரலை வைத்தார்.

"நீங்க சொல்ல வேண்டாம் தம்பி. கம்பெனியில அத்தனை பேரும் இதைப் புது செட்டுன்னுதான் சொல்லுவோம். ஊமைன்னு கூப்பிடறவன் ஒரே ஒருத்தன்தான். பேரைத்தான் கொட்டை எழுத்துல போட்டிருக்கீங்களே."

கம்பெனியே அப்படித்தான் கூப்பிடுகிறது என்று நினைத்திருந்தேன். அவனை ஒரு வார்த்தை கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். கேட்டால் எழுதாதே என்பானே என்றுதானே கேட்கவில்லை!

முதலாளி என்னைப் பார்த்து மெதுவாகப் பேசினார். "அவன் பரிசோதிக்கத்தான் எடுத்துட்டுப் போயிருப்பான்னு எனக்கும் தோணுது. அப்படின்னா திட்டிட்டு விட்டுடுவேன். அவனாட்டம் வேலைக்காரன் எனக்குக் கிடைக்க மாட்டான். பேப்பர்ல போடச் சொல்லிக் கொடுத்தான்னா மட்டும் வெச்சுக்க முடியாது. அவன் கொடுத்தானா, நீங்களா எடுத்தீங்களா? அது ஒண்ணு தெரிஞ்சா போதும். நாளைக்குள்ள எழுதிக் கொடுங்க."

அவர்கள் போனதும் எங்கள் வக்கீல் வந்தார். நடந்ததைக் கேட்டுவிட்டு என்னைத் தனியே அழைத்துப்போனார். "நம்பி வெச்சுட்டுப் போனதை நானாத்தான் எடுத்துட்டு வந்தேன்னு எழுதிக் கொடுத்தா அவன் தப்பிச்சுடுவான். நீ மாட்டிப்பே. நம்பிக்கை மோசடின்னு கேஸ் போட இடம் இருக்கு. வேலையும் போகும். யோசிச்சுச் சொல்லு" என்றார்.

யோசித்தேன். யோசித்தேன் என்று சொல்வதே பொய், ஒரு நிமிஷத்தில் முடிவு செய்துவிட்டேன். 'கருவி எங்களுக்குக் கிடைத்தது. கிடைத்த விதத்தை வெளியிடுவது பத்திரிகை தர்மம் அல்ல' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். தர்மமாம் தர்மம்! அவன் பேரைக் காப்பாற்ற அப்போது என்ன மிச்சம் இருந்தது? பேர்தான் ஊர் முழுக்க விற்றாகிவிட்டதே. நான் மறைத்தது என் பேரை.

கேஸ் வரவில்லை. இரண்டு நாள் கழித்து, ஊழியர் ஒருவர் தாமே கொடுத்ததாக ஒப்புக்கொண்டுவிட்டார், ஆகவே பத்திரிகைமேல் நடவடிக்கை இல்லை என்று கம்பெனி வக்கீலின் கடிதம் வந்தது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவன் கொடுக்கவில்லையே.

அவன் வேலை போய்விட்டது. ஒரு மாதம் அவன் கண்ணில் படாமல் ஒளிந்து திரிந்தேன். மலைக்கோட்டை, தெப்பக்குளம் பக்கம் போக வேண்டியிருந்தால் சுற்றிக்கொண்டு போனேன். கடைசியில் அவனே ஒரு நாள் சாயங்காலம் ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டில் என்னைப் பிடித்துவிட்டான். கையில் டிரங்குப் பெட்டி. பெங்களூரில் யாரோ உறவுக்காரர் வேலை தேடித் தருவதாகச் சொல்லியிருந்தாராம்.

"ஏண்டா அப்படிச் சொன்னே? நீ கொடுக்கலையே" என்றேன்.

அவன் கோபப்பட்டிருந்தால் தேவலை. சாதாரணமாகத்தான் பேசினான். "'நான்தான் எடுத்தேன்'னு நீ சொல்லிடுவேன்னு ரெண்டு நாள் காத்திருந்தேன்டா. முதலாளியும் காத்திருந்தார். அப்புறம் நீ எழுதிக் கொடுத்த பேப்பரைக் காட்டினார். கிடைச்சுதுன்னு இருந்துது. நான் கொடுக்கலைன்னா திருட்டுன்னு ஆயிடும், போலீஸ் உன் வீட்டுக்கு வரும், உங்கம்மா பயந்துடுவாங்க. நான்தான் கொடுத்தேன்னு சொல்லிட்டேன்."

"நான் இப்பவே போய் உங்க முதலாளி கிட்ட உண்மையைச் சொல்லிடறேன்" என்றேன். சொல்லும்போது நிஜமாகவே போக வேண்டும் போலத்தான் இருந்தது.

"இப்பப் போய்ச் சொன்னா நான் பொய் சொன்னேன்னு ஆகும். விடுடா" என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டான்.

விடு என்று அவன் சொன்னதும் எனக்கு அப்பாடா என்று இருந்தது.