வேம்பார் படகின் எஞ்சின்

அந்த ஒரு கோடையில் அம்மா பிசைந்து தந்த சோற்றில் மண்ணெண்ணெய் வாடை லேசாக ஏறியிருக்கும். நானும் தம்பியும் முகம் சுளிக்காமல் தின்போம், ஏனென்றால் அதற்கு முன்பெல்லாம் அந்த விரல்களில் இருந்தது நாரணாபுரத்துப் பட்டாசு மருந்தின் வாடை.

பட்டாசுக் கம்பெனியைச் சில மாதங்கள் மூடியிருந்தார்கள். திரி செருகும் வேலை நின்றுபோகவே, அம்மா எங்களை விருதுநகருக்கு, தன் அண்ணன் வீட்டுக்குக் கூட்டிவந்தாள். மாமா சூலக்கரைப் பக்கம், மண்ணெண்ணெயில் ஓடும் பம்புசெட் எஞ்சின்களைப் பழுதுபார்க்கும் பட்டறை வைத்திருந்தார். அவருக்குத் தடித்த விரல்கள். கார்பரேட்டருக்குள் இருக்கும் ‘பொடிச் சாமான்’ நழுவி மண்ணில் விழும். பெருக்க வந்த அம்மா ஒருநாள் அதைத் தேடியெடுத்துத் தானே மாட்டியும் விட்டாள். அன்றிலிருந்து கார்பரேட்டர் வேலை அவளுடையதாயிற்று.

அப்போதுதான் மிளகாய் லோடு வந்த லாரியில் ஒரு படகு எஞ்சினோடு வேம்பாரிலிருந்து சூசை என்ற மீனவர் வந்தார். அதுவும் மண்ணெண்ணெயில் ஓடுவதுதான் என்று லாரிக்காரர் மாமாவிடம் அனுப்பியிருந்தார். சூசை கொண்டுவந்த புது ஊசியையும் எண்ணெய் பாயும் ஜெட்டையும் வாஷர்களையும் அம்மா கார்பரேட்டரில் மாற்றினாள். தண்ணீர் டிரம்மில் இறக்கிக் கயிற்றை இழுத்ததும் எஞ்சின் உறுமியது. “முடிஞ்சுது, ஏத்துங்க” என்றார் மாமா.

“போன வாரம் நடுக்கடல்ல நின்னுபோச்சு அண்ணாச்சி” என்றார் சூசை. “நானும் எம் மவனும் ஒரு பகல் பூரா தண்ணி இழுத்த பக்கம் போனோம்.”

கை துடைத்துக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்தாள். “இன்னுங் கொஞ்சம் ஓடட்டும்ணே.”

சிறிது நேரத்தில் எஞ்சின் இருமி நின்றுவிட்டது. சூடேறியிருக்கும், அம்புட்டுதான் என்று மாமா சமாளித்தார்.

“அங்கன நின்னா யாருண்ணே தள்ளுவா?” என்று சொல்லி அம்மா மறுபடி கழற்றினாள். உள்ளே மிதவை முன்கூட்டியே ஊசியை அடைத்துவிட்டதால் எண்ணெய் போதிய அளவு இறங்கவில்லை. அதன் தகட்டு நாக்கை நகத்தால் மயிரிழை வளைப்பதும், ஓட்டிப் பார்ப்பதும், திரும்பக் கழற்றுவதுமாக மூன்று தடவை. மதியச் சோற்றையே மறந்தாள். பொழுது சாய்கையில் எஞ்சின் நிற்காமல் ஓடியது.

அடுத்த வாரம் சூசை எங்களை வேம்பாருக்கு வரச்சொல்லிப் படகில் ஏற்றினார். நாங்கள் மூவரும் முதன்முதலாகக் கடல் பார்த்தது அன்றுதான். “அம்மா, அலையப் பாரு, மீனப் பாரு” என்று நான் நச்சரித்துக்கொண்டே வந்தேன். அவளோ எஞ்சினையே பார்த்தபடி, “சும்மா இரு புள்ள, சத்தத்தக் கேக்க விடு” என்றாள். கரை ஒரு கோடாகத் தேய்ந்த பிறகே தலை தூக்கி, “அம்புட்டும் தண்ணியா!” என்று வாய்விட்டுச் சிரித்தாள்.

கம்பெனி திறந்ததும், “பழகுன பொம்பளைக அங்கனதானே இருக்காக” என்று திரி செருகத் திரும்பிவிட்டாள். ஒவ்வொரு பட்டாசு சீசன் முடிவிலும் வேம்பாருக்குப் போக வேண்டும் என்பாள், போகவே இல்லை.

இன்று அம்மா இல்லை. மாமாவின் பட்டறை இருந்த இடத்தில் செல்போன் கடை. போன மாதம் நான் மட்டும் வேம்பார்க் கரையில் போய் நின்றேன். அவளோடு இன்னொரு முறை படகில் போகக் கிடைத்தால், பக்கத்தில் பேசாமல் உட்கார்ந்திருப்பேன்.